தினம் ஒரு மோதிரம்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பென்ஷன் பத்தலையா? நகைக்கடை வைக்கப் போறீங்களா?" என்று 1994 செட் பிள்ளைகளின் கிண்டல். "இந்த வயசுல தீயும் சுத்தியலும் உனக்கு எதுக்கு மைனி?" என்று சென்னையிலிருந்து நாத்தனாரின் கவலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே, இப்போது பத்து நிமிஷம் உட்காருங்கள்.

நான் தினமும் காலை ஒரு மணி நேரம் செம்பிலோ வெள்ளியிலோ ஒரு சின்ன உருப்படி செய்கிறேன். மோதிரம், மெட்டி, காதுக்கொக்கி, சங்கிலிக்கு நாலு கண்ணி, இப்படி ஏதாவது ஒன்று. செய்து முடித்ததும் நூலில் ஒரு துண்டுக் காகிதம் கட்டி, தேதி எழுதி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். நேற்று எண்ணிப் பார்த்தேன். 300 நாளில் 271 உருப்படி. மீதி 29 நாள் கல்யாணம், துஷ்டி, காய்ச்சல் என்று போய்விட்டது. விற்கிற எண்ணம் இல்லை. விற்றால் வாங்குகிறவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஏன் தினமும்? இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இரட்டை வரி நோட்டு ஞாபகம் இருக்கிறதா? தினம் ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்வேன். சிலர் ஆறு நாளும் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆறு பக்கத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டு வருவீர்கள். யார் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்! ஆறாவது பக்கத்தின் எழுத்து முதல் பக்கத்தைவிட மோசமாக இருக்கும். தினம் ஒரு பக்கம் எழுதிய பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் 'ழ'வின் வால் தானாக வளையும். கை பழகுவதற்கு இடையில் ஒரு தூக்கம் வேண்டும். நேற்றுச் செய்தது கையில் ஊறி, இன்றைக்கு அதிலிருந்து தொடங்க வேண்டும். உலோகத்திலும் அதே கதைதான்.

அதனால் மாதத்துக்கு ஒரே பாடம் என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் முழுக்க ஒரே மாதிரியான சாதாரண வளைய மோதிரம். இரண்டாம் மாதம் இரண்டு கம்பியை முறுக்கிச் செய்வது. மூன்றாம் மாதம் கம்பியின் நுனியைத் தட்டி இலை போல அகலமாக்குவது. பிறகுதான் வெள்ளிக்குப் போனேன். "ஒரே மோதிரத்தை முப்பது தடவையா? போரடிக்காதா?" என்று தங்கை மகள் கேட்டாள். போரடிக்காது. வேறு வேறு பொருள் செய்தால் எது முன்னேறியது, எது அப்படியே கிடக்கிறது என்று தெரியாது. ஒரே பொருளை முப்பது நாள் செய்தால், முதல் நாளையும் முப்பதாம் நாளையும் பக்கத்தில் வைத்தாலே போதும். மார்க் போட ஆளே வேண்டாம்.

ஒரு மோதிரத்தில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் பாடம் கணக்கு. மோதிரத்தின் உள்குறுக்களவு 17 மில்லிமீட்டர், கம்பியின் கனம் 2 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு கம்பி வெட்ட வேண்டும்? உள்குறுக்களவை மட்டும் வைத்துச் சுற்றளவு கண்டால் மோதிரம் சிறுத்துவிடும். கம்பியை வளைக்கும்போது உட்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும், நடுவில் ஓடும் கோடுதான் மாறாமல் இருக்கும். ஆகவே கனத்தையும் சேர்த்து 19 என்று கொண்டு, அதை 22/7 ஆல் பெருக்க வேண்டும். 60 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் "இந்த வட்டம் எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

இரண்டாம் பாடம் பதம். செம்பையும் வெள்ளியையும் தட்டத் தட்ட, வளைக்க வளைக்க இறுகிக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் அடித்தால் வெடித்துவிடும். அதற்கு முன்னால் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டால் மறுபடியும் வெண்ணெய் மாதிரி இளகிவிடும். எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு அப்படியே அதற்கு எதிர். ஒரே தீ, ஒரே தண்ணீர், ஆனால் பொருளுக்குப் பொருள் குணம் வேறு. வகுப்பில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் பட்டபாடு எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

மூன்றாம் பாடம் பொடி வைப்பது. கம்பியின் இரண்டு நுனியும் சேரும் இடத்தை ஒட்டுவதற்கு வெள்ளி, செம்பு, துத்தநாகம் கலந்த ஒட்டுப்பொருளை அராவிப் பொடியாக்கி வைப்பார்கள். அதோடு தண்ணீரில் குழைத்த வெங்காரம். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வது இந்த வேலையிலிருந்து வந்தது என்பார்கள். பொடி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும், பார்க்கிறவருக்கு ஒட்டிய இடமே தெரியாது. சூடேறும்போது வெங்காரம் முதலில் பொரி போலப் பொங்கும், பிறகு அடங்கிக் கண்ணாடி மாதிரி படியும். அந்தக் கண்ணாடிதான் உலோகம் கருத்துப்போகாமல் காத்து, பொடி ஓடுவதற்கு வழிவிடுகிறது.

இதில் இரண்டு ரகசியம் உண்டு. ஒன்று, மூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. பொடி மூட்டை ஒட்டுமே தவிர இடைவெளியை நிரப்பாது. இன்னொன்று, சூட்டைப் பொடியின்மேல் காட்டக்கூடாது, மோதிரம் முழுவதும் காட்ட வேண்டும். பொடியை மட்டும் சுட்டால் அது உருண்டு திரண்டு நிற்கும். மோதிரம் சூடானால், சூடு இருக்கும் பக்கம் பொடி தானே ஓடிவரும். ஓடுகிற அந்த ஒரு நொடியில் மூட்டில் வெள்ளிக்கோடு ஒன்று மின்னும். அதைப் பார்ப்பதற்காகவே தினமும் எழுந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு புளித்தண்ணீர். காய்ச்சியதும் செம்பு கருத்துவிடும். பட்டறைகளில் அமிலம் வைத்திருப்பார்கள். நான் வீட்டில் சூடான புளிக்கரைசலில் உப்புப் போட்டு ஊறவைக்கிறேன். நம் அம்மாமார் குத்துவிளக்கு துலக்கிய அதே வித்தைதான். பிறகு கூம்பு மாதிரியான இரும்புத் தடியில் மாட்டி, மரக் கொட்டாப்புளியால் தட்டி வட்டமாக்கி, அரம், உப்புத்தாள் என்று தேய்த்தால் மோதிரம் ரெடி. என் முதல் மோதிரம் முட்டை வடிவத்தில் இருந்தது. நாற்பதாவது, ஏறக்குறைய வட்டம்.

இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? என் பழைய மாணவன் ஒருவன்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனோடு படித்தவர்களுக்கு இதை வாசிக்கும்போதே தெரிந்துவிடும். வடசேரியில் கோவில் நகை செய்கிற குடும்பம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தான். கணக்கில் அவன் 40 மார்க்கைத் தாண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். மோதிரக் கம்பி வெட்ட அவன் 22/7 எல்லாம் போடுவதில்லை. "குறுக்களவு மூணு மடங்கு, பின்ன ஒரு நெல்லிட. அவ்வளவுதான் டீச்சர்" என்கிறான். 19ஐ மூன்றால் பெருக்கினால் 57, அதோடு ஒரு நெல்லின் அகலம். என் விடையும் அவன் விடையும் ஒன்றுதான். அவன் தாத்தா சொன்ன கணக்காம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு விவரம். நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் உருவம் செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல் பதித்து, மேலே தங்கத் தகடு ஒட்டுவார்கள். சாமிக்குச் சாத்துகிற நகை இது. பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஒட்டியாணம் எல்லாம் இந்த வேலைதான். இப்போது பெரும்பாலான நடனப் பள்ளிகளில் பார்ப்பது அச்சில் வார்த்த மலிவான நகல். தூரத்தில் மேடையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதுதான் சிக்கல்.

1993ல் அவன் படிப்பை நிறுத்தியபோது நான் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஒரே கேள்வி கேட்டார். "படிச்சா வேலை கிடைக்கும்னு உறுதி உண்டா டீச்சர்? சுத்தியல் பிடிச்சா சோறு உறுதியாக்கும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நான் விடவில்லை. எந்தப் பிள்ளையும் பிறந்த வீட்டுத் தொழிலில்தான் உட்கார வேண்டும் என்று எழுதிவைக்கவில்லை என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம். 1953ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு எழுந்து, 1954ல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. எங்கள் கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆக அந்தத் திட்டம் இங்கே வரவேயில்லை. ஆனாலும் எங்கள் ஆசிரியர் பயிற்சியில் அதைப் பற்றி விவாதம் நடக்காத நாள் கிடையாது. அதே பயிற்சியில் கைத்தொழிலும் ஒரு பாடம். காந்தியடிகள் 1937ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம். கையால் ஒன்றைச் செய்து கற்றால்தான் அறிவு முழுமை என்பது அதன் சாரம்.

ஒரு பக்கம் கைத்தொழில் எல்லாருக்கும் வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம் கைத்தொழிலை ஜாதியோடு கட்டிப்போட்டால் அது விலங்கு என்கிறது. இரண்டும் சரிதான். அப்படியானால், பிள்ளைகள் எல்லாம் படித்து வெளியேறிய பிறகு அந்தக் கைவேலை எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பயிற்சிப் பள்ளியில் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. 271 உருப்படி செய்த பிறகும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் அப்பா சொன்ன உறுதியும் நிலைக்கவில்லை. அதற்கு முன்பே அந்தக் குடும்பம் ஒரு அடி வாங்கியிருந்தது. சீனப் போருக்குப் பிறகு, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார்கள். நம் ஊரில் 14 காரட் தாலியை யார் வாங்குவார்கள்? நாடு முழுவதும் ஆசாரிமார் வேலையிழந்தார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. பிறகு விதிகள் தளர்ந்தாலும், 1968ல் வந்த சட்டம் 1990ல்தான் நீக்கப்பட்டது. என் மாணவனின் தாத்தா அந்தக் காலத்தில்தான் தங்கத்தை விட்டுவிட்டு வெள்ளிக்கும் கோவில் நகைக்கும் வந்தாராம். சட்டம் போனது, மெஷின் வந்தது. பெரிய கடைகள் வந்தன. முன்பு பட்டறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவன் ஒருவன். அதனால்தான் ஒரு கிழவிக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு நேரம் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் முதன்முதலில் கேட்டபோது அவன் கொஞ்சம் தயங்கினான். "எங்க அப்பா இருந்தா பட்டறைக்குள்ள பொம்பிளைய உட்கார விட்டிருக்க மாட்டார் டீச்சர்" என்றான். "உங்க அப்பா இல்லியே மக்கா, நீதானே இருக்க" என்றேன். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டான். மாதச் சம்பளம் பேசினேன், வேண்டாம் என்றான். அது நடக்காது, வித்தைக்கு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்கப் பழகு என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். கைவேலைக்காரர்கள் தங்கள் வேலைக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுவதும், நாம் அந்தக் கூச்சத்தை வசதியாகப் பயன்படுத்திக்கொள்வதும் போதும்.

கண்டிப்பான வாத்தியார் அவன். ஒருநாள் மோதிரம் நன்றாக வந்துவிட்டது என்று பெருமையாகக் காட்டினேன். வாங்கி விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வெளிய நல்லாருக்கு டீச்சர். உள்ள அராவலியே. போடுறவங்களுக்கு உள்பக்கம்தானே உறுத்தும்" என்றான். அன்றிலிருந்து உட்பக்கத்தைத்தான் முதலில் தேய்க்கிறேன்.

அவனுக்கு ஒரு மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான் வேலை செய்வதைப் பார்த்துப் பார்த்து, அவளும் சுத்தியல் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. "இதுலருந்து வெளிய போகணும்னுதானே படிக்க வைக்கேன்" என்றான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பாவிடம் படிப்புக்காக வாதாடியவள் நான். இப்போது இவனிடம் சுத்தியலுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே வாதம்தான் என்பது என் எண்ணம். அவள் பட்டம் வாங்கட்டும், வேலைக்கும் போகட்டும். கட்டாயத்தால் உட்காராமல், ஆசையால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது விலங்கு ஆகாது. அவள் என்னைப் போல அறுபதுக்கு மேல் தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. என்னால் இந்த வித்தைக்கு வாரிசு ஆக முடியாது, அதற்கு ஆயுள் போதாது. அவளால் முடியும். அவன் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம்.

இனி நகை வாங்குகிற உறவுகளுக்கு, இந்தப் பத்து மாதத்தில் நான் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

'கே.டி.எம். நகை' என்றால் சுத்தத் தங்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தங்கத்தின் பெயரே இல்லை. காட்மியம் சேர்த்த பொடியால் ஒட்டியது என்று அர்த்தம். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அதனால் ஒட்டிய இடத்திலும் தங்கத்தின் மாற்று குறையாது என்பது அதன் வசதி. ஆனால் அந்த ஆவி, ஊதுகிறவரின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. நாம் பெருமையாகச் சொன்ன அந்த மூன்று எழுத்துக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டுக்கான 916 என்ற எண், அதோடு ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கத்தோடுதான் விற்க வேண்டும்.

சேதாரம் என்றால் ஏமாற்று என்று எல்லாரும் சொல்வோம். கடைக்காரர் போடுகிற சதவீதத்தைப் பற்றி நான் பேசவில்லை, அதைப் பேரம் பேசுங்கள். ஆனால் கைவேலையில் சேதாரம் உண்மையிலேயே உண்டு. ஒரு மோதிரத்தை அராவி முடித்ததும் என் மேஜையில் செம்புத் துகள் மினுமினுக்கும், எவ்வளவு கூட்டினாலும் கொஞ்சம் போய்விடும். நகைத் தெருக்களில் ஓடை மண்ணை அலசியே துளித் தங்கம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். 'தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்' என்று ஒரு சமுதாயத்தையே திருடர் ஆக்கிய பழமொழியை இனிமேல் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்த ஆசாரி, நான் சிந்திய வெள்ளித் துகளைக்கூடத் தாளில் மடித்து, "உங்க சாதனம் டீச்சர்" என்று கையில் தந்துவிடுகிறவன்.

உங்களில் யாருக்காவது இதுபோலத் தொடங்க ஆசை இருந்தால், நகைதான் செய்ய வேண்டும் என்றில்லை. தையல், கூடை, மரவேலை, எதுவாகவும் இருக்கலாம். சின்னதாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற பொருளாக இருக்கட்டும். தேதி எழுதி வையுங்கள். நன்றாக வராததையும் எறியாதீர்கள், மூன்று மாதம் கழித்து உங்களுக்குத் தெம்பு கொடுப்பது அதுதான். தெரிந்த ஒருவரிடம் வாரம் ஒருமுறை காட்டுங்கள். தீயோடு வேலை என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும், தலைமுடியைக் கட்ட வேண்டும், பக்கத்தில் வாளித் தண்ணீர் வேண்டும், தனியாக ஆளில்லாத வீட்டில் வேண்டாம். நாத்தனாரே, இதையெல்லாம் நான் கடைப்பிடிக்கிறேன், நிம்மதியாகத் தூங்குங்கள்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மால், சினிமா எல்லாம் சரி. ஒரு மணி நேரம் ஒரு பட்டறைக்கும் கூட்டிப்போங்கள். கேட்டுவிட்டுப் போங்கள், பார்த்துவிட்டு ஒரு சின்ன மெட்டியாவது வாங்குங்கள். செய்த கையையும் வாங்குகிற கையையும் பிள்ளை ஒரே இடத்தில் பார்க்கட்டும்.

நாளைக்கு 272. இந்த மாதப் பாடம் சின்ன வெள்ளி மணிகள். துண்டு வெள்ளியை உருக்கினால் அது தானாகவே உருண்டையாகத் திரளும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். அதை நான்காகச் சேர்த்து ஒட்டுவதுதான் பாடு. இன்னும் பிடிபடவில்லை. மாதம் முடிய 18 நாள் இருக்கிறது.

எல்லாரும் நலமாக இருங்கள். இரட்டை வரி நோட்டை மறக்காதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்